பகடையும் பண்பும்

ஒருவர் கதை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி ஆடும் ஆட்டம் நம் விடுதியில் வேரூன்றிவிட்டது. கூடவே ஒரு வழக்கும் எழுந்துள்ளது. வாள் பட்டதா, பூட்டுத் திறந்ததா என்பதைப் பகடை சொல்லட்டும். என் வீரன் அஞ்சுவதையும் இரங்குவதையும் நானல்லவா முடிவு செய்யவேண்டும் என்கின்றனர் நண்பர்கள். எனக்கு அது உடன்பாடன்று.

இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய், 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் 1981-ஆம் ஆண்டுத் தொடக்கநிலைப் பதிப்பில் பகைவரின் ஊக்கத்தை இரு பகடைகள் சோதிக்கும். ஊக்கம் 8 உடையவன், 9-ஓ அதற்கு மேலோ விழுந்தால் பின்வாங்குவான். 36-இல் 10 வாய்ப்பு. ஆடுவோரின் வீரர்களுக்கோ இவ்விதி இல்லை! அச்சம் பகைவனுக்கே உரியது போலும். அதனால்தான் நம் மேசையில் இன்றுவரை ஒரு கோழைகூடப் பிறக்கவில்லை. அத்தனை பேரும் புறநானூற்று மறவர்களே.

1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு ஆக்கிய 'பென்டிராகன்' வேறு வழி காட்டிற்று. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய ஆட்டம் அது. இரக்கம்–கொடுமை, வீரம்–கோழைமை என்று 13 இணைப் பண்புகள். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் 16 எனில் கொடுமை 4. இருபது முகப் பகடையில் 16-க்கு மேற்படாமல் விழுந்தால் இரங்கியாக வேண்டும். தவறினால் கொடுமைக்கு ஓர் உருட்டு. அதுவும் தவறினால்தான் நம் விருப்பம். கணக்கிட்டால் நூற்றுக்கு 80 இரக்கம், 4 கொடுமை, 16 நம் கையில்.

இது அடிமைத்தனமா? அந்த 16 வானத்திலிருந்து விழவில்லையே! ஆட்டத்தில் அவன் செய்தவற்றால் ஏறுவதும் இறங்குவதும் அவ்வெண். நேற்றுவரை இரங்கியவன், இன்று இலாபம் கருதிக் கைதியின் தலையைச் சீவுவதைத்தான் பகடை தடுக்கிறது. மேலும், அச்சத்தை யார் தேர்ந்தெடுக்கிறோம்? வாய்மொழித் தேர்வில் நா உலர்வது நம்மைக் கேட்டா உலர்கிறது?

ஒன்றில் மட்டும் ஸ்டாஃபோர்டோடு எனக்குப் பிணக்கு. அவர் பகடை செயலையும் விதித்துவிடுகிறது. அச்சம் எழுந்தது என்பதோடு அது நிற்கட்டும். அஞ்சிய பின்னும் நிற்பதா, ஓடுவதா என்பது ஆடுபவனிடம் இருக்கட்டும். அப்போதன்றோ நிற்பவனின் வீரம் நமக்குத் தெரியும்!

வரும் பருவ ஆட்டத்தில் இதனை விதியாக்கிப் பார்ப்போம். மறுப்போர் அடுத்த இதழில் எழுதட்டும்.