சாக்கடைக்குள் ஒரு தகப்பன்

திகில் படங்களில் பெற்றோர் பிள்ளையைத் தேடி நிலத்தடிக்குள் இறங்குவது புதிதன்று. இறங்குபவர் பெரும்பாலும் அஞ்சா நெஞ்சராக இருப்பார். பிள்ளையோடு மேலே வருவார். நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். போங் ஜூன்-ஹோ இயக்கத்தில் 2006-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஹோஸ்ட்’ என்னும் கொரியத் திரைப்படம் அப்படிப்பட்டதன்று. விடுதியில் இதைப் பார்த்த நண்பர்கள் சிலர், “இவ்வளவு பாடுபட்டும் மகள் இறந்துவிடுகிறாளே, இது என்ன படம்?” என்று சலித்துக்கொண்டனர். அம்முடிவில்தான் இப்படத்தின் நேர்மை இருக்கிறது என்பது என் கருத்து.

கதை சியோல் நகரின் ஹான் ஆற்றங்கரையில் நடக்கிறது. சாங் காங்-ஹோ நடித்திருக்கும் காங்-டு, தம் தந்தையின் தின்பண்டக் கடையில் எந்நேரமும் தூங்கி வழியும் மனிதர். ஆற்றிலிருந்து எழும்பிய விலங்கு கூட்டத்தைத் துரத்துகையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்; திரும்பிப் பார்த்தால் அது வேறொரு சிறுமியின் கை! மகள் ஹியூன்-சோவை விலங்கு தூக்கிச் செல்கிறது. அவளுக்காக எல்லாரும் அழுது முடித்த பிறகு, ஓர் இரவு அவளிடமிருந்தே தொலைபேசி அழைப்பு வருகிறது. ஏதோ ஒரு பெரிய சாக்கடைக்குள் இருக்கிறாளாம்.

உண்மையான திகில் இங்கேதான் தொடங்குகிறது. அழைப்பு எங்கிருந்து வந்தது என்று தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால் இடம் தெரிந்துவிடும். பின்னர் காங்-டுவின் தம்பி அவ்வழியில்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் அதிகாரிகளும் மருத்துவர்களும் செவிமடுக்கவில்லை. இறந்தோர் பட்டியலில் இருக்கும் மகள் உயிரோடிருக்கிறாள் என்பதைக் காங்-டுவால் கோர்வையாகச் சொல்ல இயலவில்லை. அதிர்ச்சியில் உளறுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லாத கிருமியைத் தேடி அவர் தலையில் துளையும் இடுகிறார்கள். சிறுமியைக் கொன்றது விலங்கா, வீணாய்ப்போன அந்த நாட்களா?

நம்மில் பலருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோர், 13 வயதிலேயே பெற்றோருக்காக முகப்பிடங்களில் மலாயில் பேசியவர்கள். அப்பா பத்து வாக்கியத்தில் சொன்ன வலியை நாம் இரண்டில் மொழிபெயர்ப்போம். அதிகாரி ஒன்றை எழுதிக்கொள்வார். பேசத் தெரியாதவரின் துயரம் கோப்பில் ஏறுவதில்லை.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பாத்திரங்கள் கேலிச்சித்திரங்களாகவே நிற்கின்றன. எனினும் தொடக்கக் காட்சி வெறும் கற்பனையன்று. சியோலின் யொங்சான் அமெரிக்கப் படைத்தளத்தில் 2000-ஆம் ஆண்டு ஃபார்மால்டிஹைடு வடிகாலில் ஊற்றப்பட்ட சம்பவமே அதற்கு அடிப்படை. தென்கொரியாவில் இப்படத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. விலங்கைக் காண மட்டுமா அத்தனை கூட்டம்?

முடிவுக்கு வருவோம். சாக்கடைக்குள் தவிக்கும் ஹியூன்-சோ, தன்னிலும் சிறிய ஆதரவற்ற சிறுவன் ஒருவனைக் காக்கிறாள். காங்-டு விலங்கின் வாயிலிருந்து மகளை இழுத்தெடுக்கும்போது அவளோடு அச்சிறுவனும் வருகிறான். அவள் பிழைக்கவில்லை, அவன் பிழைக்கிறான். அவள் பிழைத்திருந்தால், காது கொடுக்காத அத்தனை பேரையும் நாம் அரங்கிலேயே மன்னித்துவிட்டு வந்திருப்போம். இயக்குநர் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

கடைசிக் காட்சி ஒரு பனிக்கால இரவு. எப்போதும் தூங்கிக் கிடந்த காங்-டு, துப்பாக்கியை அருகில் வைத்துக்கொண்டு இருளைப் பார்த்தபடி விழித்திருக்கிறார். பிறகு, உறங்கும் சிறுவனை எழுப்பிச் சோறு போடுகிறார்.