அமெரிக்காவுக்கு லீவு என்றால் அதை யார் சொல்வது?

 

என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர், பெருமாள்மலைக்காரர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்க ஷேர்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தார். அவர் மனைவிக்கு மதுரையில் முழங்கால் ஆபரேஷன். போன நவம்பர் 27, வியாழக்கிழமை காலையில் பணத்தைத் திரும்பக் கேட்டார். கைக்கு வந்தது டிசம்பர் 5. இடையில் சங்கிலி அடகுக்குப் போனது.

நவம்பர் 27 அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். நியூயார்க் சந்தை மூடல். அதனால் அந்த ஃபண்டின் கணக்கில் அது வேலைநாளே இல்லை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அதற்குமேல் ஐந்து வேலைநாள். உள்ளூர் ஷேர் ஃபண்ட் என்றால் மூன்று வேலைநாளுக்குள் பணம் தர வேண்டும். 80 சதவீதமாவது வெளிநாட்டில் போட்டிருக்கும் ஃபண்டுக்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு. எல்லாம் விதிப்படிதான். ஆனால் விற்ற தம்பி சொன்னது என்ன? "பேங்க்ல போட்ட மாதிரி சார், எப்ப வேணாலும் எடுக்கலாம்."

1845லேயே அமெரிக்க மிஷனரிகள் ஏறி வந்து பங்களா கட்டிய ஊர் கொடைக்கானல். தேங்க்ஸ்கிவிங் என்ற சொல் இங்கே பலருக்கும் பழக்கம்தான். அந்த நாளில் நம் பணமும் சேர்ந்து லீவு எடுக்கும் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு நிபுணர், "லாங் டேர்ம் இன்வெஸ்டருக்கு ஒருநாள் என்ன பெரிய விஷயம்?" என்று கேட்டார். உண்மைதான், லீவால் போனது ஒருநாள்தான். ஆனால் எழுபது வயதுக்காரரிடம் லாங் டேர்ம் பேசுகிறவரை என்ன சொல்வது! பணம் எந்த நாளில் தேவைப்படும் என்பதை ஆஸ்பத்திரி முடிவு செய்கிறது, நியூயார்க் அல்ல.

ஒருநாள் சும்மா இல்லை என்பதற்கு இந்தப் பொங்கலே சாட்சி. பொங்கலுக்கு மும்பைச் சந்தை மூடுவதில்லை. நம் பண்டிகை அவர்கள் பட்டியலில் கிடையாது. இந்த ஆண்டு ஜனவரி 15 அன்று மூடினார்கள். பொங்கலுக்காக அல்ல, மும்பை மாநகராட்சித் தேர்தலுக்காக! அதற்கு முதல்நாள்தான் இன்ஃபோசிஸ் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. அந்தக் கம்பெனி நியூயார்க்கிலும் பட்டியலிடப்பட்டது. அங்கே சந்தை திறக்கும்போது நமக்கு இரவு எட்டு மணி. 14, 15 ஆகிய இரண்டு இரவுகள் அங்கே வியாபாரம் நடந்து விலை நிர்ணயமாகிவிட்டது. மும்பையில் ஷேர் வைத்திருக்கும் நம்மவர்கள் பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அந்த ஷேர் மேலே தாவித்தான் திறந்தது. இந்த முறை ஏறியது, சரி. இறங்கியிருந்தால்? அங்குள்ளவன் முந்தைய இரவே விற்றுத் தப்பியிருப்பான். இங்குள்ளவனுக்குக் கதவு பூட்டு. நம் ஊர்க் கம்பெனிக்கே இந்த நிலை.

சந்தையை லீவு விடாமல் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அவரவர் நாட்டுக்கு அவரவர் திருநாள். விற்கும்போது சொல்லுங்கள் என்கிறேன். நூறு பக்க ஆங்கில ஆவணத்தில் 'வேலைநாள்' என்பதற்கான விளக்கத்தில் ஒளித்து வைப்பது சொன்னதாகாது. கையெழுத்து வாங்கும் தாளிலேயே, தமிழில், தேதியோடு இருக்க வேண்டும். செபி இதைக் கட்டாயமாக்கினால் என்ன நஷ்டம்?

ரொம்பக் கஷ்டமான வேலை என்பார்கள். நான் போட்டுப் பார்த்தேன். இந்த ஆண்டு இனி மும்பை திறந்திருந்து நியூயார்க் மூடியிருக்கும் நாட்கள்: பிப்ரவரி 16, மே 25, ஜூன் 19, ஜூலை 3, செப்டம்பர் 7, நவம்பர் 26. ஆறே தேதி. ஒரு டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன். வாத்தியார் வீட்டு காலண்டரில் சிவப்பு மையில் வட்டமும் போட்டாகிவிட்டது. தம்பி, நீங்களும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.