இருவாரத் தொண்டு

கிரான் முதலாய வாவிக்கரை ஊர்களைப் போர் பல்லாண்டு வாட்டியது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மட்டக்களப்பின் கடற்கரையைச் சிதைத்தது. இத்துயரங்களின் பின் மாவட்டத்திற் சிறுவர் இல்லங்கள் பெருகின. அவற்றை நாடி மேனாட்டு இளைஞர் வந்தனர், இரு வாரம் ஆங்கிலம் கற்பித்தனர், சென்றனர். இதனைத் தொண்டு என்கிறோம். தொண்டுதானா?

தம் நாட்டிற் பயிற்சியும் நன்னடத்தைச் சான்றுமின்றி வகுப்பறையுள் நுழைய இயலாதவர் இங்கு ஆசிரியராவது எங்ஙனம்? அன்பிருந்தாற் போதாதா என்பர். போதாது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளை வருவோர் ஒவ்வொருவரிடமும் ஒட்டுகிறது, ஒவ்வொருவரையும் இழக்கிறது. அன்பு மிகுந்தவரின் பிரிவே அதனை மிகுதியும் வருத்தும்.

மேலும், இல்லங்களில் வாழ்வோருட் பலர் அனாதைகளல்லர். தாயோ தந்தையோ உளர், வறுமையே பிரித்தது. ஒரு விமானச் சீட்டின் விலை அக்குடும்பத்தின் அடுப்பை எத்தனை மாதம் எரிக்கும்! இல்லம் நிறைந்திருந்தாலன்றி விருந்தினர் வாரார், நன்கொடையும் வாராது என்ற நிலை தோன்றின், பிள்ளையை வீடு சேர்க்க முனைவார் யார்? சுற்றுலாவோடு இணைந்த இத்தகைய தொண்டு சிறுவர் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் வழிகோலலாமென 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே எச்சரித்தது.

மேனாட்டாரைக் குறைகூறல் எளிது. பல்கலைக்கழக மாணவராகிய நாம் செய்வதென்ன? ஆண்டுக்கொருமுறை பொதிகளோடும் புகைப்படக் கருவியோடும் சென்று மீள்கிறோம். அவர்க்கு இரு வாரம். நமக்கு ஒரு பகல். வேறுபாடு அவ்வளவே.

கற்பிக்க விழைவோர் ஆண்டு முழுதும் கற்பிக்க. உதவ விழைவோர் பிள்ளை தன் வீட்டிலிருந்தே பள்ளி செல்ல உதவுக. இரண்டும் இயலாதேல் வாளாவிருத்தலே அப்பிள்ளைக்குச் செய்யும் நன்று.