நடைக்கு உரியவர் யார்?

தமிழிலே நடை என்னுஞ் சொல் பல பொருள் தருவது. கால்களால் நடப்பதும் நடை. ஒருவர் எழுதும் முறையும் நடை. அவரது ஒழுக்கமும் நடை. மூன்றுக்கும் ஒரு சொல்லையே வைத்த நம் முன்னோர், ஒருவரை மற்றவரினின்றும் வேறுபடுத்துவது அவர் இயங்கும் முறையே என்பதை உணர்ந்திருந்தனர் போலும். ஒருவர் எழுதியதைப் பெயர்த்தெடுத்துத் தமதென வெளியிடுவோரைக் கள்வர் என்று நாம் கூசாது கூறுகின்றோம். ஒருவர் நடந்ததைப் பெயர்த்தெடுப்போரை என்னென்பது? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், மனிதரின் அசைவுகளைக் கருவிகளாற் பதிந்து, கணனியினுள்ளே உருவாகும் பாவைகளுக்கு ஊட்டுந் தொழில் இன்று திரைப்படம், விளையாட்டு, மெய்நிகர் உலகு என எங்கும் பரவிவிட்டது. இனியும் இக்கேள்வியைத் தள்ளிவைத்தல் தகாது.

இத்தொழிலைக் கணனி பெற்ற பிள்ளை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கணனிக்கு மிக மூத்தது. பிரான்சிய உடற்றொழிலியல் அறிஞர் மாரே 1882 இல் துப்பாக்கி வடிவிலான ஒரு கமராவை அமைத்துப் பறவைகளின் பறப்பைப் பதிந்தார். பின்னர் மனிதரின் நடையையும் ஓட்டத்தையும் ஆராய விரும்பிய அவர், உடலின் பருமனே ஆராய்ச்சிக்குத் தடையாயிருத்தலைக் கண்டு, அதனை மறைக்க ஓர் உபாயஞ் செய்தார். தலை முதற் கால் வரை கரிய உடை. கை கால்களின் நெடுகிலும் வெண்கோடுகள். மூட்டுகளில் ஒளிரும் புள்ளிகள். பின்னாலே கரிய திரை. படத்திலே ஆள் மறைந்தான். அசைவு மட்டும் எஞ்சியது. அவருடைய உதவியாளர் டெமெனி அவ்வுடையை அணிந்து நிற்கும் படம் இன்றும் உளது. இற்றைக் கலையகங்களில் நடிகர் அணியும் கரிய உடையைக் கண்டவர்கள் அப்படத்தைப் பார்ப்பின் வியப்படைவர். நூற்றுநாற்பது ஆண்டுகளில் உடை பெரிதும் மாறவில்லை.

சித்திரப் படத் துறையில் இதனைப் புகுத்தியவர் மக்ஸ் பிளைசர். எடுத்த படச்சுருளைக் கண்ணாடியில் வீழ்த்தி, ஒவ்வொரு சட்டத்தையும் கையால் வரைந்தெடுக்கும் பொறிக்கு அவர் 1917 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். கோமாளி உடையணிந்து அவர்க்கு ஆடிக் காட்டியவர் தம்பி டேவ். 1932 இல் அதே கலையகத்தில் உருவான ‘மின்னி த மூச்சர்’ என்னும் குறும்படத்திலே பேயுருவான வால்ரஸ் ஒன்று வழுக்கி வழுக்கி ஆடும். அவ்வாட்டம் பாடகர் கப் கலோவே ஆடியது. படத்தின் தொடக்கத்திலே கலோவே தம் இசைக்குழுவுடன் தாமாகவே தோன்றுகின்றார். பார்ப்போர்க்கு ஆட்டம் யாருடையது என்பதில் ஐயமில்லை. இதனைப் பின்னரும் நினைவு கூர்வோம்.

அசைவிலே ஆளின் அடையாளம் எவ்வளவு உறைகின்றது என்பதை அறிவியலார் சோதித்தே கண்டனர். சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஜொஹான்சன் என்பார், மூட்டுகளிலே பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை மட்டும் வைத்து, இருளிலே ஒருவரை நடக்கச் செய்து படமெடுத்தார். அவர் 1973 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்புள்ளிகள் அசைந்த கணமே பார்த்தவர்கள் மனிதன் நடப்பதைக் கண்டுகொண்டனர். அசையாதபோது அவை வெறும் புள்ளிகளே. 1977 இல் கட்டிங், கொஸ்லொவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு படி மேலே சென்று, அத்தகைய புள்ளிகளைக் கொண்டே நண்பர்கள் ஒருவரையொருவர் இனங்காண்பதையும், குருட்டு ஊகத்தினும் அது மிகுதியாகப் பலிப்பதையும் காட்டினர். முகமில்லை, குரலில்லை, உடையில்லை. ஆள் மட்டும் உண்டு.

இனி, இன்றைய பதிவு நிகழும் வகையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். விரித்துரையாவிடின் பின்னர்க் கூறுவது விளங்காது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏறக்குறைய மூன்று மீற்றர் அகலமும் எட்டு மீற்றர் நீளமுமான வெளியைச் சுற்றிப் பன்னிரண்டு கமராக்கள் நின்றன. நடப்பவரின் கரிய உடையில் 41 சிறு குமிழ்கள் ஒட்டப்படும். கமராக்கள் செங்கீழ்க் கதிரை வீசும். குமிழ்கள் அதனை வந்த வழியே திருப்பும். செக்கனுக்கு 120 முறை அவை பதியப்படும். ஒரு குமிழை இரண்டு கமராக்களாவது ஒருங்கே கண்டாலன்றி அது வெளியில் எங்குள்ளது எனக் கணித்தல் இயலாது. கையை மடக்கினால் ஒரு குமிழ் மறையும். இருவர் தழுவினாற் பல மறையும். மறைந்தவற்றை ஊகித்து நிரப்புதல் வேண்டும். குமிழ் இருப்பது தோலின் மேலாதலால், என்பு அசையாதபோதும் தோல் வழுக்கும். புள்ளிகளிலிருந்து என்புக்கூடொன்றைப் பொருத்தி மூட்டுகளின் கோணங்களைப் பெற்ற பின்னரும் வேலை தீராது. உயரமானவரின் நடையைக் குள்ளமான பாவைக்கு ஊட்டினால் அதன் பாதம் நிலத்திற் பதியாது சறுக்கும். அதனைத் திருத்த ஒருவர் நாட்கணக்காய் அமர்ந்திருத்தல் வேண்டும். பொறி பதிந்தது, பாவை நடந்தது என்பது விளம்பரக்காரர் கட்டிய கதை.

ஆகவே, இது சித்திரக் கலையே அன்று, வெறும் பிரதி என்று சித்திரக்காரர் சிலர் இகழ்வதும் பொருந்தாது. எல்லாம் நடிகர் செயலே, ஏனையது கணனி வழிப்பட்ட ஒப்பனை என்று நடிகர் தரப்பினர் கூறுவதும் பொருந்தாது. 2002 இல் வெளிவந்த ‘இரண்டு கோபுரங்கள்’ திரைப்படத்துக் கொல்லம் என்னும் பாத்திரத்துக்கு அண்டி சேர்க்கிஸ் தம் குரலையும் உடலையும் ஈந்தார். ஆயின் அம்முகத்தின் பாவங்கள் அவர் நடிப்பைப் பார்த்துச் சித்திரக்காரர் சட்டஞ் சட்டமாக அமைத்தவை. முகத்தையும் கண்ணையும் அவ்வாறு உயிர்ப்பிக்காது விட்டால் நேர்வதை 2004 இல் வெளிவந்த ‘போலார் எக்ஸ்பிறஸ்’ காட்டிற்று. பாவைகளின் விழிகள் செத்தவை போலிருந்தன என்று விமரிசகர் பலர் குறைப்பட்டனர். தமிழ்த் திரையிலே 2014 இல் ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிந்து எடுத்த ‘கோச்சடையான்’ படமும் அக்குறைக்குத் தப்பவில்லை. எனினும் அப்படத்தைப் பார்த்தோர் எவரும் அது யாருடைய நடை என்று கேட்டிலர். புகழ் பெற்றோரின் நடை புகழோடு போகும். இடர்ப்படுவோர் மற்றையோரே.

விளையாட்டுக்களில் வீழ்வோர், ஓடுவோர், மதிலேறிக் குதிப்போர் எல்லாம் யாரோ ஒரு நடிகரின் உடலிலிருந்து வந்தவர்கள். முகம் அவருடையதன்று, குரல் அவருடையதன்று. ஆகையால் அது வெறுந் தரவு என்று வாதிப்பது எளிது. அமெரிக்க நடிகர் சங்கமாகிய சாக்-அஃப்ட்ரா 2024 யூலையில் விளையாட்டு நிறுவனங்களுக்கெதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முக்கிய காரணங்களுள் இதுவுமொன்று: செயற்கை நுண்ணறிவினாற் பிரதி செய்யப்படுவதற்கு எதிரான காப்பு, உடலசைவு தருவோர் எல்லார்க்கும் கிட்டாது போகும் என அது அஞ்சியது. 2025 யூலையிலேயே புதிய ஒப்பந்தம் உறுதியாயிற்று. பிரதி செய்வதாயின் இசைவு பெறவேண்டும், பயனை அறிவிக்கவேண்டும் என்பன அதிற் சேர்ந்தன. ஆடலாசிரியர் கைல் ஹனகாமி, தம் ஆடலின் ஒரு பகுதியை ‘போர்ட்நைட்’ விளையாட்டு எடுத்தாண்டது என்று தொடுத்த வழக்கைக் கீழ்மன்று தள்ளியது. மேன்முறையீட்டு மன்று 2023 இல் அதனை மீட்டு, ஆடல் என்பது தனித்தனி நிலைகளின் கூட்டமன்று எனக் கொண்டது. பின்னர் அவ்வழக்கு இணக்கமாய் முடிந்தது. மன்று கூறியதை ஆடல் பயின்ற சிறுமியும் அறிவாள். சட்டம் அறிய இத்தனை காலஞ் சென்றது.

கார்னகி மெலன் கூடத்துப் பதிவுகள் யாவர்க்கும் இலவசமாகத் திறந்திருப்பவை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அப்பதிவுகளாற் கல்வியுலகம் பெற்ற பயனை நாம் குறைத்துக் கூறோம். 2019 இல் அவை ‘அமாஸ்’ என்னும் பெருந்தொகுப்பிலுஞ் சேர்க்கப்பட்டன. நாற்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட அசைவுகள் அதில் உள்ளன. ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தால் அதன்படி நடந்து காட்டும் பாவைகளுக்கு இன்று இலக்கணங் கற்பிப்பவை இத்தகைய தொகுப்புகளே. அந்நூலகத்தில் நடந்தோர்க்குப் பெயரில்லை, எண்களே உள.

பெயரை மறைத்தல் அவர்தம் அந்தரங்கத்தைக் காத்தற்பொருட்டே என்று இதற்கு விடை கூறப்படும். நல்ல விடையே, 2023 வரை நாமும் அதனை ஏற்றிருக்கலாம். அவ்வாண்டிலே பேர்க்கிலியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ‘பீற் சேபர்’ என்னும் மெய்நிகர் விளையாட்டை ஆடிய ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரின் தலையினதும் இரு கைகளினதும் அசைவுகளை மட்டும் அவர்கள் ஆராய்ந்தனர். நூறு செக்கன் அசைவைக் கொண்டு, அத்தனை பேருள்ளும் இன்னார் இவர் என நூற்றுக்கு 94 வீதஞ் சரியாகக் கூற முடிந்தது. ஆகவே எண் மறைப்பது நடந்தவரை அன்று. அவர்க்குரிய பெயரை மட்டுமே. அவர் நாளை ஒரு மெய்நிகர்க் கருவியை அணிவாராயின், அவர் யார் என்பதை அறியத்தக்க பொறி உண்டு. அவர்க்கு நன்றி கூறத்தக்க ஏடு இல்லை.

நம் கல்லூரி மாணவருள்ளும் கணனி பயில்வோர் இத்தகைய பதிவுகளை எடுத்துப் பாவைகளை நடத்துவர், நடத்துதல் நன்றே. அவர்கள் புதிதாக ஒருவரைப் பதிவாராயின், கோப்பின் தலைப்பிலே மூன்று வரிகளை எழுதுமாறு கேட்கின்றோம்: நடந்தவர் விரும்பினால் அவர் பெயர்; எப்பயனுக்கென்று இசைந்தார் என்பது; பிறபயனுக்கு எடுக்க முன்னர் யாரைக் கேட்கவேண்டும் என்பது. பிளைசர் கலையகம் 1932 இற் கலோவேயைத் திரையின் முன்னே நிறுத்தச் செலவிட்டதினும் இம்மூன்று வரிகளுக்குச் செலவு குறைவு.