நனைந்தால் பொறுப்பில்லையாம்!

கேமரா வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் நீட்டுவது வழவழவென்று ஒரு விளம்பரத் தாள். அதில் ஒருவர் கொட்டும் மழையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார். கேமராவின் மேல் நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்கும். வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே கேமராவின் வாரண்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், திரவம் பட்டு ஏற்படும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இருக்கும். விற்கும்போது மழை அழகு, பழுதானால் மழை நம் குற்றம்! இந்த இரட்டை நாக்கைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன்.

எங்கள் கொடைக்கானலில் மழை ஒரு விபத்து இல்லை, அன்றாடம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு பிடித்துக் கொட்டும். மழையே இல்லாத நாளிலும் கோக்கர்ஸ் வாக்கில் நடந்தால் மேகம் சட்டைக்குள் புகுந்து போகும். இங்கே வருகிறவர்கள் கேமராவைப் பெட்டியில் பூட்டி வைக்கவா வருகிறார்கள்?

என் அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு நவம்பரில் விடுமுறைக்கு வந்தவன், தூண் பாறையில் மழையில் மாட்டிக்கொண்டான். அங்கே வாங்கிய, விலை உயர்ந்த கேமரா. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. "சார், உள்ளே தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது. அதுவும் இது சிங்கப்பூர் வாரண்டி, இங்கே செல்லாது. போர்டு மாத்தணும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"என்ன மாமா, ஒரு மழைக்கே இப்படியா?" என்றான் பையன்.

மதுரையில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். ஆக்ஃபா கிளிக் த்ரீ காலத்திலிருந்து கேமரா பார்க்கிறவர். பிரித்து, பச்சை பூத்திருந்த இணைப்புகளை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மூன்று நாள் உலர வைத்தார். கேமரா பிழைத்தது. "இது அதிர்ஷ்டம் சார். உள்ளே ஒரு பார்ட் போயிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எங்களுக்குப் பார்ட்டும் தரமாட்டாங்க, சர்க்யூட் படமும் தரமாட்டாங்க" என்றார். என் கோபம் இங்கேதான். தெரிந்த கை இருக்கிறது. அந்தக் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, பழுது பார்க்க முடியாது என்கிறார்கள்.

"நனைத்தது நீங்கள்தானே?" என்று சிலர் கேட்பீர்கள். கொடைக்கானல் ஏரியில் தவற விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மழையைக் காட்டி விற்ற பொருள் மழை தாங்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். குடை விற்கிறவன், நனைந்தால் பொறுப்பில்லை என்று சொன்னால் சும்மா விடுவோமா?

இது என் ஒருவனுடைய புலம்பலும் இல்லை. 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிள் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. தண்ணீர் தாங்கும் என்று ஐபோனை விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்று சொன்னதும் அதற்கு ஒரு காரணம். 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்று காட்டிய போன் விளம்பரங்களுக்காக சாம்சங் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. போனுக்குப் பொருந்துகிற நியாயம் கேமராவுக்கும் பொருந்தும்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. ஆனால் இணையதளம் திறந்தால் ஸ்பேர் பார்ட் கிடைத்துவிடுமா? பார்ட்டையும் கையேட்டையும் வெளிக்கடைகளுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அதுவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்தை அது கேள்வி கேட்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நம்மவர்கள் திண்டுக்கல் போனால் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். முடியாது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத் தாளையும் பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி.

சண்டை போடும் முன் கேமராவைக் காப்பாற்ற வேண்டுமே! நனைந்தால் உடனே அணைத்து பேட்டரியைக் கழற்றுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யவே கூடாது. ஈரத்தில் மின்சாரம் ஓடினால் உள்ளே இன்னும் வேகமாக அரிக்கும். அரிசி டப்பாவில் புதைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அரிசி ஈரத்தைச் சரியாக இழுக்காது, அதன் மாவு உள்ளே போகும். மாத்திரை டப்பாவில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாள் வையுங்கள். அடுப்புச் சூடும் ஹேர் டிரையரும் ஆகாது. இன்னொன்று, மலையிறங்கி வத்தலக்குண்டு போனவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த லென்ஸில் கீழ்நாட்டுச் சூடான காற்று பட்டால் வியர்த்துவிடும். அந்த ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அப்போதும் மழை பெய்யும், ஊரே கேமராவோடு மலையேறும். அதற்குள்ளாவது, மழையைக் காட்டி விற்றவன் மழைக்குப் பதில் சொல்லும்படி செய்ய வேண்டாமா? நீங்களும் இப்படி ஏதாவது சர்வீஸ் சென்டரில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தால், இன்றே ஒரு புகார் எழுதுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?