ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி

சென்ற வாரம் படிவம் 3 மாணவி ஒருவர், கொதிநீர்ச் சோதனையில் ‘தப்பாக’ வந்த அளவை அழித்துவிட்டு 100 என்று எழுதினார். எனக்கு விக்ரம் நினைவுக்கு வந்தது.

2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது. அதே மாதம் நாசா, தன் சுற்றுக்கலம் எடுத்த அந்தப் பகுதியின் படத்தை எல்லாருக்கும் வெளியிட்டது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்ரமணியன் அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத் தேடினார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி! நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள்: அது விக்ரமின் சிதறல். படத்தைப் பூட்டி வைத்திருந்தால் அந்தப் புள்ளியை யார் பார்த்திருப்பார்?

இஸ்ரோ தோல்வியின் காரணங்களை விரிவாகச் சொன்னது 2023இல்தான். தரையிறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தானாம். சந்திரயான்-3க்குப் பல கிலோமீட்டர் ஆக்கினார்கள். வெற்றி கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்த விளக்கம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பேன். நிலவில் இறங்கத் துடிப்பது ஒரு நாடு மட்டுமல்லவே!

நிலவுப் படங்கள் இன்றும் இலவசம்தான், மாணவர்களே. பெக்கான் நானாஸில் உங்கள் கைப்பேசியிலும் திறக்கும்.

மாணவியை அழித்த எண்ணை மீண்டும் எழுதச் சொன்னேன். 104. வெப்பமானியின் குமிழ் முகவையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.