குழந்தைக்கு ஏற்ற ராட்டினம் எது?

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் வாரங்களில், குழந்தைகள் நல வெளிநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளையைத் தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்லலாமா, டாக்டர்?" பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை என் விடை, "தாராளமாக அழைத்துச் செல்லுங்கள்" என்பதே. ஆனால், அதற்கு அடுத்து வரவேண்டிய கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். அங்கே குழந்தையை எதில் ஏற்றலாம், எதில் ஏற்றக் கூடாது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பூங்காக்களாயினும், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போன்ற நீர்ப்பூங்காவாயினும், பொங்கலையொட்டிச் சென்னைத் தீவுத்திடலில் நடைபெறும் பொருட்காட்சியாயினும், ஊர்த் திருவிழாவாயினும், பெரும்பாலும் குடும்பம் முழுவதும் ஒன்றாகவே செல்கிறது. பத்து வயது அண்ணன் ஏறியதில் தானும் ஏற வேண்டும் என்று நான்கு வயதுத் தங்கை அழுகிறாள். "சீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று, எல்லாவற்றிலும் ஏறிவிடட்டும்" என்று பெரியவர்களும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்தை எடை பார்த்தே எழுதுகிறோம். அண்ணனுக்குக் கொடுத்த அளவைத் தங்கைக்குக் கொடுப்பதில்லை. ராட்டினத்தையும் அவ்வாறே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும்.

உயரக்கோடு எதற்காக?

பெரிய பூங்காக்களில் ஒவ்வொரு ராட்டினத்தின் வாயிலிலும் ஓர் அளவுகோல் இருக்கும். 90 செ.மீ., 120 செ.மீ., 140 செ.மீ. என்று ராட்டினத்துக்கு ராட்டினம் அது மாறும். இக்கோடு குழந்தையின் துணிச்சலை அளப்பதற்காக வரையப்பட்டதன்று. அந்த இருக்கையும், தொடை மீது இறங்கும் பாதுகாப்புக் கம்பியும், தோள்பட்டைத் தடுப்பும் எவ்வளவு பெரிய உடலைப் பிடித்து வைக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதையே அது கூறுகிறது. அதைவிடச் சிறிய குழந்தை அமர்ந்தால், கம்பிக்கும் தொடைக்கும் இடையே வெளி இருக்கும். வண்டி திடீரென்று இறங்கும்போதோ திரும்பும்போதோ அந்த வெளி வழியாகக் குழந்தை வழுகிவிடக் கூடும்.

ஒரே கம்பி இருவருக்கும் பொதுவாக இருக்கும் இருக்கைகளில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. தந்தையின் தொடையில் கம்பி முட்டி நின்றுவிடும். அருகில் அமர்ந்துள்ள மெலிந்த குழந்தைக்கு அது எட்டவே எட்டாது. "நான் பிடித்துக்கொள்கிறேன்" என்பது இதற்கு மாற்றாகாது. வேகமாகச் சுழலும் ராட்டினத்தில் குழந்தையின் எடை பல மடங்கு கூடியதுபோல் வெளிப்புறமாக இழுக்கும். அப்போது எவருடைய கைப்பிடியையும் நம்ப இயலாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைகளின்படி, நடுத்தர வளர்ச்சியுள்ள குழந்தை 3 வயதில் ஏறத்தாழ 95 செ.மீ., 5 வயதில் ஏறத்தாழ 110 செ.மீ., 7 வயதில் ஏறத்தாழ 120 செ.மீ. உயரம் இருக்கும். அதாவது, 120 செ.மீ. என்று எழுதப்பட்ட ராட்டினம், ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உரியதன்று. புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே, செருப்பின்றிச் சுவரோரம் நிறுத்தி, உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அங்கே சென்றபின் குதிகால் உயர்ந்த காலணியை அணிவித்தோ, ஊழியரிடம் வாதாடியோ உள்ளே அனுப்புவது குழந்தைக்குச் செய்யும் நன்மை ஆகாது.

சிறு உடல், பெரிய தலை

குழந்தை என்பது பெரியவரின் சுருங்கிய வடிவம் அன்று. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டுமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களில் அது எட்டில் ஒரு பங்கு அளவே. அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்துத் தசைகள் சிறு வயதில் வலுக்குறைந்தவை. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்வானவை. இதனால், மேடுபள்ளத்தில் ஓடும் ரயில்போல் உலுக்கும் ராட்டினங்களும், திடீரென்று நின்று திசை மாறும் 'பிரேக் டான்ஸ்' போன்றவையும், 'டேஷிங் கார்' மோதல்களும் சிறு குழந்தையின் கழுத்தைப் பெரியவர்களின் கழுத்தைவிட மிகுதியாகச் சோதிக்கின்றன.

எனவே, எளிதில் நினைவில் கொள்ளத்தக்க மூன்று கேள்விகளைப் பெற்றோருக்குப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, குழந்தை எந்தத் துணையுமின்றி முதுகை நிமிர்த்தி, தலையை நேராக வைத்து அமர்கிறதா? இரண்டாவது, கம்பியை இரு கைகளாலும் பிடித்து, ராட்டினம் நிற்கும் வரை விடாமல் இருக்குமா? மூன்றாவது, அச்சம் வந்தாலும் எழுந்து நிற்காமல் "உட்கார்" என்ற சொல்லுக்குக் கட்டுப்படுமா? மூன்றாவது கேள்வியே மிகவும் கடினமானது. நான்கு வயதுக் குழந்தை வீட்டில் எவ்வளவு சொல்பேச்சுக் கேட்டாலும், உயரத்தில் பயந்துவிட்டால் அம்மாவை நோக்கி எழுந்துவிடும். அது பிடிவாதமன்று, அந்த வயதின் இயல்பு. இம்மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்பது விடையானாலும், தரையை ஒட்டி மெதுவாகச் சுற்றும் குதிரை ராட்டினமும், சிறுவர் ரயிலும், மணல் விளையாட்டுமே போதுமானவை.

பெரியவரும் குழந்தையும் ஒரே இருக்கையில் அமர்ந்து சுற்றும் ராட்டினங்களில், சுழற்சியின் விசை இருவரையும் வெளிப்பக்கமாகத் தள்ளும். குழந்தையை வெளிப்பக்கம் அமர்த்தினால் பெரியவரின் எடை முழுவதும் அதன் மீது சாயும். குழந்தையை உட்பக்கமும் பெரியவரை வெளிப்பக்கமும் அமர்த்துவதே முறை. ஏறுமுன் துப்பட்டா, நீண்ட பின்னல், கழுத்துக் கயிறு ஆகியவற்றை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். தரையை ஒட்டிச் சக்கரம் சுழலும் கோ-கார்ட் போன்றவற்றில் இது மிகவும் இன்றியமையாதது.

மடியில் வைத்துச் சறுக்கலாமா?

பாசத்தினாலேயே நேரும் காயம் ஒன்றைப் பற்றிக் கூற வேண்டும். சறுக்கு மரத்தில் தனியே விட மனமின்றி, ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு பெற்றோர் சறுக்குகிறார்கள். பாதியில் குழந்தையின் காலணி சறுக்கின் ஓரத்திலோ அடிப்பகுதியிலோ சிக்குகிறது. குழந்தை தனியாகச் சறுக்கியிருந்தால் கால் சிக்கியதும் அதன் சிறு எடை அங்கேயே நின்றிருக்கும். மடியில் இருப்பதால் பெரியவரின் எடையும் சேர்ந்து கீழே செல்கிறது. கால் மட்டும் மேலே நின்றுவிடுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறுக்கி முறிகிறது. எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த முறிவு இது. தனியாகச் சறுக்க இயலாத குழந்தைக்கு அந்தச் சறுக்கு உயரமானது என்றே பொருள். அதைவிடத் தாழ்வான சறுக்கில், நீங்கள் பக்கத்தில் நின்று கைகொடுத்தபடி சறுக்கவிடுங்கள். வெயிலில் காய்ந்த சறுக்கின் மேற்பரப்பைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை அமர்த்துங்கள்.

காற்றடைத்த பலூன் கூடாரங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே காயங்கள் பெரும்பாலும் ஒருவர் மீது ஒருவர் விழுவதாலும், விளிம்பிலிருந்து வெளியே விழுவதாலும் நேர்கின்றன. பெரிய பிள்ளைகள் குதிக்கும் நேரத்தில் சிறியவர்களை இறக்காதீர்கள். ஒத்த வயதினர் சிலர் மட்டும் குதிக்கும் முறை வரும்வரை காத்திருங்கள்.

நீர் விளையாட்டில் கண் இமைக்காதீர்

பூங்காவில் மிகவும் அச்சுறுத்துவது உயர்ந்து நிற்கும் ராட்டினமாகத் தோன்றலாம். சிறு குழந்தைக்கு உண்மையில் பெரிய ஆபத்து கணுக்கால் அளவு, முழங்கால் அளவு நீரில் இருக்கிறது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளே நீரில் மூழ்கும் ஆபத்து மிகுந்தவர்கள். மூழ்கும் குழந்தை திரைப்படத்தில் வருவதுபோல் கைகளை வீசிக் கூவுவதில்லை. ஓசையின்றி, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அலைக்குளத்தில் கூட்டம் மிகும்போது, பக்கத்தில் நிற்பவருக்கும் அது தெரியாது.

ஆகவே, "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற ஏற்பாடு உதவாது. ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படையுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. குழந்தை அவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். காற்றூதிய வளையங்களும் கைப்பட்டைகளும் விளையாட்டுப் பொருள்கள். உயிர்காப்பு அங்கியைப் போன்றவை அல்ல.

நம் மருத்துவமனைப் பிள்ளைகளுக்கு

இந்த மடலைப் படிப்பவர்களில் பலர், நெடுநாள் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். உங்களுக்கெனச் சில சொற்கள். நோயுற்ற பிள்ளையை எங்கும் அழைத்துச் செல்லாமல் வீட்டிலேயே வைத்திருப்பது ஒரு துன்பம். "இவனுக்கு ஒன்றுமில்லை" என்று காட்டுவதற்காக நோயை மறைத்து எல்லாவற்றிலும் ஏற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே நல்ல வழி இருக்கிறது. அதைச் சேர்ந்தே தேடலாம்.

பிறவி இதயக் குறைபாடு, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை, இதயத் தசைத் தடிப்பு ஆகியவை உள்ள பிள்ளைகளை, எங்களைக் கேட்காமல் வேகமான ராட்டினங்களில் ஏற்ற வேண்டாம். மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்கள், எலும்பு ஒன்றுசேர்ந்து மருத்துவர் அனுமதிக்கும் வரை எந்த உலுக்கலையும் தவிர்க்க வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்பிணைப்பு தளர்ந்திருக்கும். அவர்களுக்குத் தலையை உலுக்கும் ராட்டினங்கள் ஆகா. வலிப்பு நோயுள்ளவர்களில் சிலருக்கு விட்டுவிட்டு ஒளிரும் விளக்குகள் வலிப்பைத் தூண்டலாம். வலிப்புள்ள பிள்ளை நீரில் ஒருபோதும் தனியே இருக்கக் கூடாது. இரத்தம் உறையாக் குறைபாடு உள்ளவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மோதும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோய் மருந்து பெறும் பிள்ளைகளுக்கும், நரம்பு வழிக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் பொதுக் குளம் உகந்ததன்று. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரையும், இன்சுலின் போடும் பிள்ளைகள் மருந்தோடு சர்க்கரை அல்லது குளுக்கோஸையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். நாள் முழுதும் நடப்பதால் இரத்தச் சர்க்கரை திடீரென்று குறையலாம். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு நீண்ட பட்டியலைக் கண்டு மனம் தளர வேண்டாம். இவர்களுள் பெரும்பாலோர் குதிரை ராட்டினத்தில் ஏறலாம், பொம்மை ரயிலில் சுற்றலாம், நிழலில் அமர்ந்து பஞ்சுமிட்டாய் தின்னலாம். மருத்துவமனைச் சுவர்களையே மிகுதியும் கண்ட பிள்ளைக்கு அந்த ஒரு பிற்பகல் எத்தனை பெரியது என்பதை நாங்களும் அறிவோம்.

"வேண்டாம்" என்ற சொல்

"பயப்படாதே, ஆம்பிளைப் பிள்ளைதானே!" என்று சொல்லி அழும் குழந்தையைக் கூண்டுக்குள் ஏற்றும் காட்சி எல்லாத் திருவிழாவிலும் உண்டு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அஞ்சும் குழந்தையே கம்பியை விடும், எழுந்து நிற்கும். குழந்தை "வேண்டாம்" என்றால் அந்த ராட்டினம் அன்று அதற்குப் பொருத்தமற்றது. அடுத்த ஆண்டும் ராட்டினம் சுற்றத்தான் போகிறது.

திருவிழாக்களில் சில நாள்களுக்கென நிறுத்தப்படும் ராட்டினங்களில் உயரக்கோடே இல்லாமல் இருப்பதுண்டு. அங்கே பெற்றோரே அளவுகோலாக வேண்டும். ஏற்றுமுன் ஒரு சுற்று முழுவதையும் நின்று பாருங்கள். பூட்டுகள் ஒவ்வொன்றையும் ஊழியர் இழுத்துச் சரிபார்க்கிறாரா? கதவுக்குப் பதில் வெறும் கயிறு கட்டப்பட்டிருக்கிறதா? ஐயம் எழுந்தால் திரும்பி விடுங்கள். விழா நடத்துவோரும் உயர வரம்பையும் நோய் எச்சரிக்கைகளையும் தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ஊரார் வற்புறுத்த வேண்டும்.

வீடு திரும்பிய பின்

ராட்டினத்தில் தலைச்சுற்றலும் ஒருமுறை வாந்தியும் வருவது பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே பொதுவானவை, ஓய்வில் சரியாகிவிடும். ஆனால் மீண்டும் மீண்டும் வாந்தி, நீங்காத தலைவலி, கழுத்து வலி, மிகுந்த உறக்கம், தள்ளாட்டம் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நீரை மூச்சில் இழுத்த குழந்தைக்குத் தொடர் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

மற்றொன்றையும் அழுத்திக் கூறுகிறேன். ராட்டினத்திலோ திடீர் அதிர்ச்சியிலோ பிள்ளை மயங்கி விழுந்தால், "பயத்தில் மயங்கிவிட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். பரம்பரையாக வரும் சில இதயத் துடிப்புக் கோளாறுகள் இவ்வாறே முதன்முதலில் வெளிப்படும். ஓர் இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, நீங்கள் செல்லவிருக்கும் இடத்தின் ராட்டினப் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளையின் உயரத்தையும் உடல்நிலையையும் வைத்து, எதில் ஏறலாம் என்று சேர்ந்து குறித்துத் தருகிறோம். அதற்காக ஐந்து நிமிடம் கேட்பதற்கு எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.